இரவல் நாற்காலிகள்

"சொல்லக் கூடாது!" என்று நூரா விரலை உயர்த்தினாள்.

ரைமோ திறந்த வாயை மூடிக்கொண்டார். எதிரே அவர் மனைவி இர்யா மேசைமேல் இருந்த படத்தை முறைத்துக்கொண்டிருந்தாள். படத்தில் இருந்தது அகப்பை. கல்யாணமான நாளிலிருந்து அவள் கையில் புழங்கிய சாமான். சமயத்தில் ரைமோவின் முகத்துக்கு நேராக நீண்டதும் உண்டு.

"இது வந்து... சூப்புக்கு... கிண்டுறது... மோந்து ஊத்துறது... அட, இந்த எழவு!"

ரைமோவுக்குப் பொறுக்கவில்லை. பேசத்தானே கூடாது? எழுந்து போய், இழுப்பறையைத் திறந்து, நிஜ அகப்பையை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தார்.

"எடுத்தும் குடுக்கக் கூடாது," என்றாள் நூரா.

"அப்ப நான் என்னதான் பண்றது?"

"பேசணும்."

ரைமோ அகப்பையைத் திருப்பி வாங்கிப் போய் இழுப்பறையில் வைத்தார்.

வசந்தத்தில், ஏரியில் பனிக்கட்டி உடைகிற சமயத்தில், இர்யாவின் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. கை கால் தப்பித்தது. புத்தி தப்பித்தது. திட்டுவதற்கு வேண்டிய சொற்களிலும் ஒன்றும் குறையவில்லை. பெயர்கள்தான் போய்விட்டன. கோப்பை, சாவி, பூனை எல்லாம் கண் முன்னால் இருக்கும். பெயர் மட்டும் நாக்கு நுனிவரை வந்து, கதவைத் தட்டிவிட்டு ஓடிவிடும். ரைமோவின் பெயரும் அப்படித்தான் ஓடியிருந்தது. "ஏய்", "நீ", "இந்த ஆளு" என்பதோடு சரி. அகப்பை போனால் போகிறது. இனி ஒரு தடவைகூடத் தன் பெயரை அவள் வாயால் கேட்காமலே போய்விடுவோமோ என்கிற பயம்தான் அவரை அரித்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. எதையுமே அவர் யாரிடமும் சொல்கிறவர் இல்லை.

நூரா சுகாதார நிலையத்துப் பேச்சுப் பயிற்சியாளர். பேத்தி வயசு. குரல் மட்டும் ஆலை மேஸ்திரியின் குரல்.

"நான் வாரத்துல ஒரு நாள்தான் வரேன். நீங்க கூடவே இருக்கீங்க. அதனால பயிற்சி அவங்களுக்கு மட்டும் இல்ல, உங்களுக்கும்தான். அவங்க ஒரு சொல்லைத் தேடுறப்ப காத்திருங்க. வரலைன்னா அந்தச் சாமானைச் சுத்திப் பேசுங்க. எங்க வாங்கினது, யாரு குடுத்தா, அதை வச்சு என்ன நடந்துச்சு... தினம் அரை மணி நேரம்."

"அரை மணியா?" என்றார் ரைமோ. "ஒரே நாள்லயா?"

"முதல் பனி விழுந்ததும் டாக்டர் ஹால்மே சோதிப்பாரு. முன்னேற்றம் இல்லைன்னா, நகரத்துல மறுவாழ்வு இல்லத்துல சேர்க்கச் சொல்லுவாரு. கொஞ்ச நாளைக்குத்தான்."

கொஞ்ச நாள்! ஆலையில் அவரோடு வேலை பார்த்த, கிரேன் ஓட்டிய பென்டியும் கொஞ்ச நாளைக்கு என்றுதான் போனான். இப்போது அவன் வீட்டு ஜன்னலில் வேறு யாரோ திரைச்சீலை மாட்டியிருக்கிறார்கள்.

*

ரைமோ காகித ஆலையில் மூன்றாம் இயந்திரத்தில் வேலை பார்த்தவர். அந்தக் கூடத்தில் ஒருவன் செத்துக்கொண்டே கத்தினாலும் பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்காது. காதை மூடிக்கொண்டு, கையால் பேசிக் காலம் தள்ளினார். வீட்டுக்கு வந்தால் இர்யா இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினாள். இவர் பங்கு, மூச்சை உள்ளே இழுத்தபடி ஒரு "ம்". அந்த ஊர் ஆண்களுக்கு அதுவே பேச்சு. அதிலும் ரைமோ சிக்கனக்காரர்.

மறுநாள் காலை அவர் நூரா சொன்னபடியே செய்தார். அதாவது, காத்திருந்தார்.

அடுப்பில் ஓட்ஸ் கஞ்சி. இர்யா ஜன்னலோரம் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்து அடுப்புப் பக்கம் கையை நீட்டினாள்.

"ஏய்! அது... அது... உன் பின்னாடி..."

ரைமோ திரும்பவில்லை. திரும்பினால் அது உதவி. முகத்தில் பொறுமையை வரவழைத்துக்கொண்டு அவளையே பார்த்தார்.

"அந்த... வெள்ளையா... அடில... பிடிக்குது... யோவ்!"

'நெருங்கி வந்துவிட்டாள்' என்று ரைமோ மகிழ்ந்து, உற்சாகமாகத் தலையாட்டினார். கரிந்த வாடை வந்தது. காத்திருந்தார். புகை வந்தது. காத்திருந்தார். கூரையில் இருந்த புகை மணி வீறிட்டபோதுதான், தேடிக்கொண்டிருந்தது கஞ்சி என்ற சொல் என்று அவருக்கு விளங்கியது.

"காத்திருங்கன்னா, வீடு பத்தி எரியும்போதா?" என்று நூரா தலையில் கை வைத்துக்கொண்டாள். "பேசுங்க ரைமோ, பேசுங்க!"

பேசுவதற்கு அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கை. இர்யா ஒரு படத்தைப் பார்த்துத் தடுமாறினால், இவர் ஆலைச் சைகையில் குறிப்புக் கொடுத்தார். இரண்டு விரல் கத்தரி போல வெட்டினால் காகிதம் அறுந்தது, ஆகவே கத்தரிக்கோல். முழங்கை சுழன்றால் உருளை, ஆகவே சக்கரம். ஆலை மதில் பக்கத்திலேயே குடியிருந்தவள் அவள். அந்தச் சைகைகள் அவளுக்கும் அத்துப்படி. பார்த்தாள், புரிந்துகொண்டாள், அவளும் கையாலேயே பதில் சொல்ல ஆரம்பித்தாள். எத்தனை சௌகரியம்! வீட்டில் கஞ்சியும் கரியவில்லை, சத்தமும் இல்லை.

அடுத்த வாரம் நூரா வாசலில் காலணியைக் கழற்றும்போது, இர்யா ரைமோவைப் பார்த்துத் தொண்டையில் இல்லாத டையைச் சரிசெய்தாள். மேலாளர் வருகிறார், வேலை செய்வது போல் நடி என்று அதற்கு அர்த்தம்.

நூரா ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு சொல் விழவில்லை. போன வாரம் வந்த கோப்பைகூட வரவில்லை.

"இனிமே," என்றாள் நூரா, "அவங்க தேடும்போது நீங்க ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சுக்கிட்டு உட்காரணும். வாய் மட்டும்தான் அசையணும்."

ஆக, இருந்த சொல்லும் போயிற்று. தானே அவளைக் கெடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று ரைமோ பயந்தார். தெருவில் நகரத்துப் பேருந்து போகும் சத்தம் கேட்டாலே, அது இர்யாவை ஏற்றிக்கொண்டு போகத்தான் வருகிறது என்று தோன்றியது.

*

ஆயுளில் அவர் ஒன்றிரண்டு வாக்கியம் முழுசாகப் பேசிய இடம் என்று ஒன்று இருந்தது. சவுனா, முற்றத்தில் இருந்த நீராவிக் குளியலறை. அந்த ஊரில் மனிதன் துணியைக் கழற்றினால்தான் நாக்கின் முடிச்சும் அவிழும். எனவே சனிக்கிழமை விறகை எரித்துக் கல்லைக் காயவைத்து, பட அட்டைகளையும் எடுத்துக்கொண்டு இர்யாவை உள்ளே அழைத்துப் போனார். மேல் பலகையில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். இர்யா ஓர் அட்டையை உருவினாள். சோப்பு.

"இது... நுரை... தேய்க்கிறது..."

ரைமோ கைகளைத் தொடைக்கு அடியில் திணித்துக்கொண்டார். கல்லைப் பார்த்தார். வியர்த்தது. அது நீராவியால் மட்டும் இல்லை.

"தார் சேர்த்தது ஒண்ணு இருந்துச்சு," என்று ஆரம்பித்தார். "ஏரிக்கரை நடன மேடைக்கு வரும்போது... நான் அதைப் போட்டுத் தேய் தேய்னு தேய்ப்பேன். ஆலைக் கந்தக நாத்தம் போகணுமேன்னு. போகாது. அந்தக் கோடை முழுக்க, சனிக்கிழமை தவறாம வந்து, தூணுக்குப் பின்னாடி நின்னேன்."

இர்யா திரும்பிப் பார்த்தாள்.

"எதுக்கு?" என்றாள்.

"உன்னைப் பாக்க." ரைமோ தண்ணீரை அள்ளிக் கல்லில் வீசினார். முகம் மறைகிற அளவுக்கு நீராவி எழும்பியது. அதற்குள் ஒளிந்துகொண்டு சொன்னார்: "கூப்பிட தைரியம் இல்ல. கடைசி சனிக்கிழமை, பொண்ணுங்க ஆளைத் தேர்ந்தெடுக்கிற முறை வந்துச்சு. நீ நேரா என்கிட்ட வந்தே. அந்தப் பாட்டு முடியிற வரைக்கும் நான் மூச்சே விடல. நாறுமோன்னு."

இர்யா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. பிறகு உடம்பே குலுங்கியது. வாயைப் பொத்திக்கொண்டு ஒரு மாதிரி முனகினாள்.

ரைமோவுக்கு உயிர் போய் வந்தது. இரண்டாவது அடைப்பு! கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பார்கள். அவருக்குக் கால் மட்டும் ஓடியது. கதவைத் தள்ளிக்கொண்டு, பிறந்த மேனியாக முற்றத்துக்குப் பாய்ந்து, "ஆம்புலன்ஸ்! ஆம்புலன்ஸ்!" என்று கத்தினார். வேலிக்கு அந்தப் பக்கம் ஹில்க்கா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, புருஷனை இழந்தவள். ரைமோவும் அவளும் பேசிக்கொண்டதே இல்லை, பார்த்தால் தலையசைப்பார்கள். வழக்கப்படி இப்போதும் தலையசைத்துவிட்டு, உள்ளே போய்ப் போன் செய்தாள்.

ஆம்புலன்ஸ் வந்தபோது இர்யா துண்டைச் சுற்றிக்கொண்டு கண்களைத் துடைத்தபடி படியில் உட்கார்ந்திருந்தாள். சோதித்தார்கள். அவளுக்கு எல்லாம் சரியாக இருந்தது. பிறகு ரைமோவின் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்த ஊழியன் விசிலடித்தான்.

"தாத்தா, கூட்டிட்டுப் போறதா இருந்தா உங்களைத்தான் கூட்டிட்டுப் போகணும்."

*

அதன்பிறகு இர்யா சனிக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. மாலையானால் அட்டைகளைத் தானே எடுத்துக்கொண்டு சவுனா வாசலில் நிற்பாள். அட்டையைப் பார்ப்பாள், உதட்டைப் பிதுக்குவாள், தலையை ஆட்டுவாள். "வரல. நீ சொல்லு." ரைமோ சுற்றிப் பேசுவார். "இன்னும்," என்பாள். இன்னும் பேசுவார். மூத்த பிள்ளை பிறந்தபோது ஆலைக் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதது. அவள் கோபித்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, அவள் தலையணையைத் தன் பக்கம் இழுத்துவைத்துப் படுத்தது. சொல்லச் சொல்ல அவருக்குக் காது மடல் எரியும். அவளுக்கோ சொல் வருவதாய் இல்லை. முன்பு தட்டுத் தடுமாறியாவது வந்த பூனை, சாவி எல்லாம் இப்போது அடியோடு நின்றுவிட்டன.

நூராவிடம் கேட்டார். அவள் இர்யாவோடு தனியாக உட்கார்ந்து சோதித்துவிட்டு வெளியே வந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் போகுது. நீங்க மட்டும் நிறுத்திடாதீங்க."

ஆலையில் கை போனவனிடமும் இப்படித்தான் சொன்னார்கள், நல்லாத்தான் இருக்கு என்று. ரைமோவுக்குத் தெரியாததா?

அதற்குப் பிறகு ஊரே மாறத் தொடங்கியது. கடையில் கல்லாவில் இருக்கும் பெண், மீதிச் சில்லறையோடு அவர் கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க நல்ல மனுஷன்," என்றாள். பாதிரியாரின் மனைவி மிதிவண்டியை நிறுத்தி அவரையே பார்த்தாள். கண்ணில் நீர் தளும்பியது. அந்த ஊரில் உயிரோடு இருப்பவனிடம் இவ்வளவு அன்பு காட்டுவது வழக்கமே இல்லை.

ரைமோ விறகுக் கொட்டகையில் நின்று யோசித்தார். தினம் காலை அவர் விறகு பிளக்கப் போனதும் இர்யா ஹில்க்கா வீட்டுக்குப் போவாள். பேச முடியாதவள், சும்மா உட்கார்ந்துவிட்டு வரட்டும் என்று விட்டிருந்தார். இப்போது பலகை இடுக்கு வழியாகப் பார்த்தால், கேக் டப்பாவோடு பெண்கள் ஒருவர் பின் ஒருவராக ஹில்க்கா வீட்டுக்குள் போகிறார்கள். திரும்பும்போது கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வருகிறார்கள்.

வழியனுப்புகிறார்கள்! இவள் பிழைக்க மாட்டாள் என்று டாக்டர் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். தன்னிடம் மட்டும் மறைக்கிறார்கள்.

போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால் பதில் வருமே. கோடரியை ஓங்கினார், கட்டை பிளக்கவில்லை.

அன்று பிற்பகல் ஹில்க்கா வேலியோரம் வந்து நின்றாள்.

"ரைமோ, உங்க வீட்டு நாற்காலியைக் கொஞ்சம் இரவல் குடு. இருக்கிறது எல்லாத்தையும்."

"எ... எதுக்கு?"

"ஆளுங்க வராங்க." கொஞ்சம் தயங்கினாள். "காபிக் கோப்பையும் வேணும்."

அந்த ஊரில் பக்கத்து வீட்டில் நாற்காலியும் கோப்பையும் சேர்த்து இரவல் கேட்பது ஒரே காரியத்துக்குத்தான். அடக்கம் முடிந்து வருகிறவர்களை உட்காரவைத்துக் காபி கொடுக்க. ரைமோ ஒவ்வொரு நாற்காலியாகச் சுமந்து வேலியைத் தாண்டிக் கொடுத்தார். தன் மனைவியின் சாவுக்குத் தானே நாற்காலி போடுகிறோம் என்று நினைத்துக்கொண்டே கடைசி நாற்காலியையும் தூக்கிக் கொடுத்தார். அன்று இரண்டு பேரும் நின்றுகொண்டே சூப்புக் குடித்தார்கள்.

*

முதல் பனி விழுந்தது. சுகாதார நிலையத்தில் டாக்டர் ஹால்மே மேசைக்கு அந்தப் பக்கம், நூரா ஓரத்தில், இர்யா நடுவில். ரைமோ கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நகரத்து மறுவாழ்வு இல்லத்தின் வழவழப்பான விளம்பரத் தாள் மேசைமேல் தயாராகக் கிடந்தது.

டாக்டர் அட்டையைக் காட்டினார். கோப்பை.

இர்யா பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். "வரல."

சாவி. "வரல." பூனை. "வரல."

நூரா இர்யாவை ஒரு மாதிரிப் பார்த்தாள். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, விளம்பரத் தாளைத் தன் பக்கம் இழுத்தார். "கடைசி ஒண்ணு," என்றார். மழைக்கும் சேற்றுக்கும் போடும் ரப்பர் பூட்ஸ்.

இர்யா அட்டையைப் பார்க்கவில்லை. ரைமோவைப் பார்த்தாள். "நீ சொல்லு," என்றாள்.

நீராவி இல்லை. உடம்பில் சட்டை, கழுத்துவரை பொத்தான். எதிரே படித்த அந்நியர். ஆலையில் உருளைக்குள் சிக்கிய காகிதத்தை ஓடும்போதே கைவிட்டு இழுத்தபோதுகூட அவர் இப்படிப் பயந்ததில்லை. ஆனால் தாளின் மேல் டாக்டரின் பேனா இறங்கிக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு," என்றார் ரைமோ. குரல் ஆலைக் கூடத்தில் கத்துவது போல வெடித்து வந்தது. "உன்னை வண்டில ஏத்திக்கிட்டுப் போனப்ப, இதைத்தான் போட்டுக்கிட்டு ஓடிவந்தேன். ஒரு கால்ல என்னுது, இன்னொரு கால்ல உன்னுது. கால் விரல் மடங்கி ரத்தம் கட்டிப்போச்சு. கழட்டல. ஆஸ்பத்திரி வராந்தாவுல அப்படியே உட்கார்ந்திருந்தேன். உன்னுதைக் கழட்டினா நீ போயிருவேன்னு தோணுச்சு. வீட்டுல நீ திட்டுற சத்தம் இல்லாம எனக்கு இருக்கத் தெரியாது, இர்யா. இவ்வளவு வருஷமா நான் பேசாம இருந்தது, சொல்றதுக்கு இல்லாம இல்ல. நீ பேசுறதைக் கேக்கணும்னுதான். எங்கயும் போயிடாத."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ரைமோ," என்றாள் இர்யா.

ரைமோ நிமிர்ந்தார்.

"ரைமோ, இது ரப்பர் பூட்ஸ்." அட்டைகளை டாக்டர் கையிலிருந்து வாங்கி மேசைமேல் ஒவ்வொன்றாகப் போட்டாள். "இது பூனை. இது சாவி. இது கோப்பை, விளிம்புல உடைஞ்சிருக்கு, இதை எல்லாம் படம்னு வச்சிருக்கீங்களே. அந்தத் தாளு வேண்டாம். எடுத்து உள்ள வைங்க."

டாக்டர் எடுத்து உள்ளே வைத்தார். நூரா ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினாள்.

கிளம்பும்போது இர்யா கைப்பையோடு கழிப்பறைக்குப் போனாள். வெகுநேரம் வரவில்லை. ரைமோ பழக்கம் விடாமல் பயந்து, ஒருமுறை கதவைத் தட்டினார். "இருக்கேன், இருக்கேன்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. முகம் சிவக்க வெளியே வந்தாள்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் ரைமோ நேராக வேலிக்குப் போனார். ஹில்க்கா பனியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். தலையசைத்தாள். இந்த முறை அவர் தலையசைக்கவில்லை.

"நாற்காலியைத் திருப்பிக் குடு, ஹில்க்கா! அவ சாகப் போறதில்ல. எல்லாச் சொல்லும் இன்னைக்குத் திரும்பி வந்துருச்சு, ஒரே நாள்ல! என் பேரைக்கூடச் சொல்லிட்டா!" ஜென்மத்தில் அவளிடம் அவர் முழு வாக்கியமாகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

ஹில்க்கா பனித்தள்ளியை ஊன்றி நின்றாள். அவர் தோளுக்கு மேலாக, கைப்பையால் வாயைப் பொத்தியபடி அவசரமாக வீட்டுக்குள் நுழையும் இர்யாவைப் பார்த்தாள். பிறகு பரிதாபமாக அவரைப் பார்த்தாள்.

"இப்பக் குடுக்க முடியாது, ரைமோ, நீ சவுனால சொன்னதையெல்லாம் அவ மறுநாள் காலைல ஒரு சொல் தடுமாறாமச் சொல்றதைக் கேக்கத்தானே இத்தனை நாளா ஊர்ப் பொம்பளைங்க வராங்க, இப்பக்கூட ஆஸ்பத்திரிக் கழிப்பறைல இருந்து போன் பண்ணி நாளைக்கு ரப்பர் பூட்ஸ் கதைன்னு சொல்லிட்டா, தேவாலயப் பாட்டுக் குழு மொத்தமும் வருது, அந்தச் சவுனா பெஞ்சையும் கொஞ்சம் தூக்கிக் குடு!"